பூஞ்சையின் மரபணுவை மாற்றினால் அமில ஆலையின் வேலை சுலபமாகுமா?

நீங்கள் கேட்டது இது: “ஆஸ்பெர்ஜில்லஸ் நைஜர் என்ற கரும்பூஞ்சை சர்க்கரையைத் தின்று சிட்ரிக் அமிலம் தருகிறது. அந்த அமிலத்தை உண்டாக்கும் என்சைமின் மரபணுவை இன்னும் நாலு பிரதி சேர்த்தால் உற்பத்தியும் அதற்கேற்ப கூடாதா? இப்போதுதான் மரபணுவை வேண்டிய இடத்தில் வெட்டும் கிரிஸ்பர் வந்துவிட்டதே, பிறகு ஏன் எல்லா அமிலத்தையும் பூஞ்சையிலிருந்தே எடுப்பதில்லை?” இதில் இரண்டு கேள்விகள் கலந்திருக்கின்றன. அமிலம் கூடுதலாக வருமா என்பது ஒன்று. ஆலையில் அதை எடுப்பது சுலபமாகுமா என்பது இன்னொன்று. பலரும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். ஆலையில் பணமும் உழைப்பும் போவது இரண்டாவதில்தான். நான் பல ஆண்டுகள் நைஜர் நொதித்தலில் வேலை பார்த்தவன், ஸ்ட்ரெயின்களை (ஒரே பூஞ்சையின் வெவ்வேறு வகைகளை) மாற்றும் ஆய்வகத்திலும் இருந்திருக்கிறேன். சிட்ரிக் அமிலம் பற்றிக் கீழே சொல்வதில் பெரும்பகுதி கையால் செய்து பார்த்தது. இட்டகோனிக், மாலிக், லாக்டிக் பற்றிச் சொல்வது வெளியான ஆய்வுகளைத் தொடர்ந்து படித்து வருவதால் தெரிந்தது. அந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதல் கேள்விக்குத் தெளிவான பதில் உண்டு: கூடாது. இது ஊகமில்லை, செய்து பார்த்த விஷயம். 1997இல் நெதர்லாந்தின் வாகெனிங்கன் குழு, சர்க்கரையை உடைக்கும் பாதையில் ‘கட்டுப்பாட்டுப் புள்ளிகள்’ என்று பாடப்புத்தகங்கள் சொல்லும் பாஸ்போஃபிரக்டோகைனேஸ், பைருவேட் கைனேஸ் இரண்டையும் நைஜரில் கூட்டிப் பார்த்தது. என்சைம் கூடியது, அமிலம் கூடவில்லை. பாஸ்போஃபிரக்டோகைனேஸைத் தூண்டிவிடும் சிறு மூலக்கூறு ஒன்று உண்டு. பூஞ்சை அதன் அளவைக் குறைத்துக்கொண்டு பழைய வேகத்திலேயே ஓடியது. பிறகு சிட்ரேட்டை நேரடியாக உண்டாக்கும் சிட்ரேட் சின்தேஸையே பல மடங்கு கூட்டினார்கள். அப்போதும் உற்பத்தி அசையவில்லை. நீங்கள் சொல்லும் ‘நாலு பிரதி’ யோசனை இதுதான். ஒரு பாதையின் வேகத்தைப் பொதுவாக ஒரே என்சைம் தீர்மானிப்பதில்லை. பல படிகளும் உள்ளே போகும் வழியும் வெளியே வரும் வழியும் சேர்ந்துதான் தீர்மானிக்கின்றன.

இன்னொரு காரணமும் இருக்கிறது. சிட்ரிக் அமிலத்தில் கூட்டுவதற்கே அதிக இடம் இல்லை. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறிலிருந்து கணக்குப்படி ஒரு சிட்ரிக் மூலக்கூறு வரலாம், அதாவது 100 கிலோ குளுக்கோஸுக்கு ஏறக்குறைய 106 கிலோ அமிலம். நன்றாக நடக்கும் ஆலைகள் ஏற்கெனவே 90 கிலோவை ஒட்டி எடுக்கின்றன. பூஞ்சை தன் உடம்பை வளர்த்துக்கொள்ளவும் கொஞ்சம் சர்க்கரை வேண்டுமல்லவா? மீதமிருக்கும் இடைவெளி அவ்வளவுதான். 1893இல் ஜெர்மன் வேதியியலாளர் வெமர் பூஞ்சையில் இந்த அமிலத்தைக் கண்டார். 1917இல் அமெரிக்க உணவு வேதியியலாளர் ஜேம்ஸ் கரி, நைஜரை மிகக் குறைந்த பி.எச்.-இல், அதாவது கடும் புளிப்பில், வளர்த்தால் நன்றாகச் சுரக்கும் என்று காட்டினார். 1919இல் ஃபைசர் நிறுவனம் அதை அமெரிக்காவில் தொழிலாக்கியது. அதற்குப் பிறகு பல தலைமுறை ஆட்கள் புற ஊதாக் கதிரும் ரசாயனமும் கொடுத்து, ஆயிரக்கணக்கான காலனிகளைச் சலித்து, நல்லதைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். எந்த மரபணு மாறியது என்று தெரியாமலே செய்த வேலைதான், ஆனால் அதன் பலன் இன்றைய ஆலை ஸ்ட்ரெயின்களில் உட்கார்ந்திருக்கிறது. ஆய்வகத்தில் கிடைக்கும் சாதாரண நைஜரில் கிரிஸ்பரால் ஐந்து மடங்கு கூட்டினோம் என்று ஒரு கட்டுரை சொன்னால், எந்த ஸ்ட்ரெயினிலிருந்து ஆரம்பித்தார்கள் என்பதை முதலில் பாருங்கள்.

சரி, அப்படியானால் மரபணு மாற்றத்தால் என்ன பயன்? என் கருத்தில் அதன் உண்மையான இடம், ஆலை இன்று படும் பாட்டைக் குறைப்பதில்தான் இருக்கிறது.

மாங்கனீசை எடுத்துக்கொள்ளுங்கள். நைஜர் நன்றாகச் சுரக்க வேண்டுமானால் ஊடகத்தில், அதாவது பூஞ்சை வளரும் சத்துக் கரைசலில், மாங்கனீசு லிட்டருக்கு 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. சர்க்கரைப் பாகிலும் தண்ணீரிலும் அதைவிட எவ்வளவோ அதிகமாக இருக்கும். அதனால் அயனிப் பரிமாற்றம், ஃபெரோசயனைடு போட்டுப் படியவைத்தல், எதிராகச் செம்பு சேர்த்தல் என்று எத்தனையோ வேலை. மாங்கனீசு புகுந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள ஒரு துளியை மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்தாலே போதும். நல்ல தொட்டியில் பூஞ்சை இழைகள் குட்டையாக, தடித்து, நுனி வீங்கி, அடிக்கடி கிளைவிட்டு, சிறு உருண்டைகளாகத் திரண்டிருக்கும். மாங்கனீசு புகுந்த தொட்டியில் அதே ஸ்ட்ரெயின் மெல்லிசாக, நீளமாக, நேராக ஓடி ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். அமில அளவைச் சோதித்துப் பார்ப்பதற்கு முன்பே அந்த தொட்டியின் கதி தெரிந்துவிடும். மாங்கனீசை செல்லுக்குள் இழுக்கும் கடத்திப் புரதம் ஒன்றை நீக்கினால், ஊடகத்தில் மாங்கனீசு இருந்தும் பூஞ்சை அது இல்லாததுபோல நடந்துகொள்கிறது என்று அண்மை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இந்த மாதிரி மாற்றம் விளைச்சலை ஒரு கிலோகூட உயர்த்தாமல் போகலாம். ஆனால் சுத்திகரிப்பில் ஒரு படியை விட்டுவிடவும், மலிவான மூலப்பொருளைப் பயன்படுத்தவும் வழி திறக்கும். நான் இதைத்தான் பெரிய லாபமாகக் கருதுகிறேன்.

அடுத்தது வேண்டாத அமிலங்கள். நைஜருக்கு பி.எச். 2-ஐ ஒட்டி இருந்தால்தான் சிட்ரிக். 4-க்கு மேல் போனால் குளுக்கோஸ் ஆக்சிடேஸ் என்ற என்சைம் சர்க்கரையை வெளியிலேயே பிடித்துக் குளுக்கோனிக் அமிலமாக்கிவிடும். 5, 6 என்று ஏறினால் ஆக்சாலிக் அமிலம் வரும். அது நச்சு, உணவுக்குப் போகும் சிட்ரிக் அமிலத்தில் அது கலப்பதை யாரும் விரும்ப மாட்டார்கள். இங்கே மரபணுவை நீக்குவது அழகாக வேலை செய்கிறது. 1999இல் அதே வாகெனிங்கன் குழு, இந்த இரண்டு அமிலங்களையும் உண்டாக்க முடியாத நைஜர் பி.எச். 5-இலும், அதுவும் மாங்கனீசு இருக்கும்போதே, சிட்ரிக் அமிலம் தருகிறது என்று காட்டியது. சேர்ப்பதைவிட நீக்குவது பல நேரங்களில் நல்ல பலன் தரும் என்பதற்கு இது சிறந்த உதாரணம். ஆனாலும் ஆலைகள் பி.எச். 5-க்கு மாறிவிடவில்லை. காரணம் எளிது: பி.எச். 2-இல் பாக்டீரியா எதுவும் பெரும்பாலும் வளராது. நூறு கனமீட்டர் தொட்டியை ஒரு வாரம் தொற்றில்லாமல் ஓட்டுவதற்கு அந்த அமிலமே காவல். அதோடு, அமிலம் ஊறும்போது பி.எச். தானாகவே இறங்கும். அதை 5-இல் நிறுத்த காரம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும், அப்புறம் அந்த உப்பைப் பிரிக்க வேண்டும்.

இந்த உப்பு விவகாரத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் ‘சுலபம்’ என்ற உங்கள் கேள்வியின் மையம் இதுதான். பழைய முறையில் அமிலக் கரைசலில் சுண்ணாம்பு சேர்த்துக் கால்சியம் உப்பாகப் படியவைத்து, வடிகட்டி, கந்தக அமிலம் ஊற்றி அமிலத்தை மீட்கிறார்கள். மிஞ்சுவது ஜிப்சம். சமன்பாட்டை எழுதிப் பார்த்தால் ஒரு டன் சிட்ரிக் அமிலத்துக்கு 1.3 டன்னுக்கு மேல் ஜிப்சம் வரும். லாக்டிக் அமிலத்துக்கும் டன்னுக்குக் கிட்டத்தட்ட ஒரு டன். இதை ஒரு ஆலை தினமும் எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? லாக்டிக் அமிலத்தை உலகம் நெடுங்காலமாகப் பாக்டீரியாவிலிருந்து எடுத்துவந்தது. பாக்டீரியாவுக்குக் குறைந்த பி.எச். ஒத்துக்கொள்ளாது, அதனால் சுண்ணாம்பு கட்டாயம். ஈஸ்ட்டும் ஒரு பூஞ்சைதான், அமிலத்தைத் தாங்கும். அதில் லாக்டேட் டிஹைட்ரஜனேஸ் மரபணுவைச் சேர்த்து, ஆல்கஹாலுக்குப் போகும் வழியை அடைத்துவிட்டால், பி.எச். 3-ஐ ஒட்டி லாக்டிக் அமிலம் எடுக்கலாம். அந்த பி.எச்.-இல் லாக்டிக் அமிலத்தில் ஏறக்குறைய 88 சதவீதம் உப்பாக இல்லாமல் அமிலமாகவே இருக்கும். ஜிப்சம் பெரிய அளவில் குறைகிறது. அமெரிக்காவில் கார்கில் நிறுவனம் இப்படிப்பட்ட ஈஸ்ட்டைத் தொழிலளவில் கொண்டுவந்தது. மரபணு மாற்றம் ஆலையைச் சுலபமாக்கியதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. பிரியாத அமிலம் செல் சவ்வு வழியாகத் திரும்ப உள்ளே கசியும். உள்ளே பி.எச். 7-ஐ ஒட்டி இருப்பதால் அங்கே புரோட்டானை விட்டுவிடும். அந்தப் புரோட்டானை வெளியே தள்ள செல் தன் ஆற்றல் நாணயமான ஏ.டி.பி.-ஐச் செலவழிக்க வேண்டும். ஆல்கஹால் தருவதற்குப் பதிலாக முழுக்க லாக்டிக் அமிலம் மட்டும் தரும்படி மாற்றிய ஈஸ்ட், ஆக்சிஜன் இல்லாமல் வளரவே முடியவில்லை என்பது ஆய்வில் உறுதியான விஷயம். காகிதத்தில் இரண்டு பாதைகளும் குளுக்கோஸுக்கு 2 ஏ.டி.பி. தர வேண்டும். லாக்டேட்டை வெளியேற்றவே அந்த இரண்டும் போய்விடுகின்றன என்பது இதற்குத் தரப்படும் விளக்கம். விளக்கம் பொருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வெளியேற்றும் கடத்தியின் கணக்கை நேரடியாக அளப்பது கடினம். எனவே அதை வலுவான ஊகம் என்ற அளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியேற்றம் என்றதும் சிட்ரிக் அமிலத்துக்குத் திரும்ப வேண்டும். நைஜரில் சிட்ரேட்டை வெளியே அனுப்பும் புரதம் எது என்பது மிகச் சமீப காலம் வரை புதிர். அமிலத்தை நூறாண்டாக டன் கணக்கில் எடுத்துக்கொண்டே, அது எந்த வாசல் வழியாக வருகிறது என்று தெரியாமல் இருந்தோம். 2018இல் வியன்னா ஆய்வாளர்கள் செக்ஸ்-ஏ என்ற மரபணுவை அடையாளம் கண்டார்கள். அதை நீக்கினால் சுரப்பு நின்றுவிடுகிறது, கூட்டினால் தாய் ஸ்ட்ரெயினைவிடப் பல மடங்கு அமிலம் வருகிறது. உள்ளே உண்டாக்கும் என்சைம்களைக் கூட்டிப் பலன் கிடைக்காத இடத்தில், வாசலைப் பெரிதாக்கியதும் பலன் கிடைத்தது. ஆய்வக ஸ்ட்ரெயினில் நடந்த விஷயம் என்ற எச்சரிக்கை இதற்கும் பொருந்தும். பல ஆண்டுகள் சலித்தெடுத்த ஆலை ஸ்ட்ரெயினில் அந்த வாசல் ஏற்கெனவே அகலமாக இருக்கக்கூடும்.

மற்ற அமிலங்களிலும் இதே பாடம். இட்டகோனிக் அமிலத்தை ஆஸ்பெர்ஜில்லஸ் டெரியஸ் இயல்பாகவே தருகிறது. பிளாஸ்டிக், பிசின் தொழில்களுக்கு அது வேண்டும். நைஜர்தான் ஆலைக்குப் பழகிய பூஞ்சை, ஆகவே இந்த அமிலத்தை உண்டாக்கும் என்சைமைத் தரும் டெரியஸின் காட்-ஏ மரபணுவை நைஜரில் வைத்தால் என்ன என்று பலரும் முயன்றார்கள். அந்த மரபணு மட்டும் போனபோது லிட்டருக்கு ஒரு கிராம்கூட வரவில்லை. காரணம், அதற்கு வேண்டிய முன்பொருள் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் இருக்கிறது, என்சைமோ அதற்கு வெளியே, செல்லின் திரவப் பகுதியான சைட்டோசோலில். டெரியஸ் இதற்காகவே தனிக் கடத்திகளை வைத்திருக்கிறது, அவற்றின் மரபணுக்கள் காட்-ஏ பக்கத்திலேயே வரிசையாக இருக்கின்றன. அவற்றையும் சேர்த்து, சைட்டோசோலிலேயே சிட்ரேட் உண்டாக்கும் என்சைமையும் கூட்டிய பிறகு நைஜர் 26 கிராமை எட்டியது. டெரியஸ் சாதாரணமாகவே 80 கிராமைத் தாண்டும், கவனமாக ஓட்டிய ஆய்வில் 160 கிராம் வரை வந்திருக்கிறது. மாலிக் அமிலத்தில் கதை நன்றாகப் போனது. ஆஸ்பெர்ஜில்லஸ் ஒரைசேயில் பைருவேட் கார்பாக்சிலேஸ், மாலேட் டிஹைட்ரஜனேஸ், வெளியேற்றும் கடத்தி மூன்றையும் ஒருசேரக் கூட்டி, லிட்டருக்கு 154 கிராம் எடுத்ததாக 2013இல் நோவோசைம்ஸ் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். அது கணக்குப்படி வரக்கூடியதில் 69 சதவீதம். அந்த மூன்றில் கடத்தி இல்லாமல் மற்ற இரண்டை மட்டும் கூட்டியிருந்தால் அந்த எண் வந்திருக்காது என்று நான் நம்புகிறேன்.

இழையாக வளரும் பூஞ்சையின் இன்னொரு தொல்லை அதன் உருவம். இழைகள் பின்னிக்கொண்டால் குழம்பு கஞ்சிபோலக் கெட்டியாகும், காற்று கரையாது, கலக்கியின் மின் செலவு ஏறும். சிட்ரிக் அமில நொதித்தலில் காற்று சற்று நேரம் நின்றாலே அமிலச் சுரப்பு போய்விடும். பூஞ்சை பிழைத்து மறுபடி வளரும், ஆனால் சுரப்பு பழையபடி திரும்பாது. கம்ப்ரெஸர் நிற்கும்போது ஷிஃப்டில் இருப்பவர்கள் எல்லோரும் ஓடுவது அதனால்தான். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை உஸ்டிலாகோ என்ற கரிப்பூட்டைப் பூஞ்சையில் நடந்தது. அது இட்டகோனிக் அமிலம் தரும், ஆனால் நெருக்கடி வந்தால் இழையாக நீள ஆரம்பிக்கும். அந்த சமிக்ஞைப் பாதையில் இருக்கும் ஃபஸ்-7 என்ற ஒரே மரபணுவை நீக்கியதும் அது ஈஸ்ட்போல ஒற்றைச் செல்லாகவே நின்றது. அமிலப் பாதையைத் தொடவே இல்லை, ஆனாலும் தொட்டியை ஓட்டுபவருக்கு வேலை பாதியாகிறது.

இப்போது கிரிஸ்பர். நீங்கள் நினைப்பதுபோல அது பூஞ்சைகளிலும் நன்றாகவே வேலை செய்கிறது. 2015 முதல் ஆஸ்பெர்ஜில்லஸ்களில் பயன்படுத்துகிறார்கள். நைஜரின் ஜீனோம் 2007இலேயே வெளியாகிவிட்டது, சுமார் 14,000 மரபணுக்கள். உடைந்த டி.என்.ஏ.வை மனம்போன இடத்தில் ஒட்டிவிடும் புரதத்தை முதலிலேயே நீக்கிவிட்டால், நாம் கொடுக்கும் துண்டு நாம் சொல்லும் இடத்தில் போய் உட்காரும் வாய்ப்பு பெரிதும் கூடும். ஆனால் கையில் செய்யும்போது நேரம் போவது வேறு இடத்தில். டி.என்.ஏ.வை உள்ளே விடுவதற்காகச் செல் சுவரை என்சைமால் கரைத்து, சுவரில்லாத செல்லான புரோட்டோபிளாஸ்ட் எடுக்க வேண்டும். அது சரியாகக் கரைந்ததா என்பது என்சைம் தொகுப்புக்குத் தொகுப்பு மாறும். ஒரு புரோட்டோபிளாஸ்ட்டில் பல உட்கருக்கள் இருக்கும், மாற்றம் அவற்றில் சிலவற்றில் மட்டும் நடந்திருக்கும். புதியவர்களுக்குப் பழக்குவதற்கு வித்தின் நிறத்தைத் தரும் மரபணுவை வெட்டச் சொல்வோம். தட்டில் வரும் காலனியில் ஒரு பக்கம் கறுப்பு வித்து, இன்னொரு பக்கம் வெளிர் பழுப்பு வித்து என்று துண்டு துண்டாகத் தெரியும். கலப்பு என்றால் என்ன என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும். நிறமில்லாத மரபணுவிலும் அதே கலப்புதான் நடக்கிறது, ஆனால் காட்டிக்கொடுக்க எதுவும் இருக்காது. அதனால் ஒற்றை வித்திலிருந்து திரும்பத் திரும்பப் பிரித்தெடுத்து, பி.சி.ஆர். என்ற டி.என்.ஏ. சோதனை செய்து உறுதிப்படுத்திய பிறகுதான் ‘மாற்றிவிட்டோம்’ என்று சொல்ல முடியும். ஒரைசே போன்றவற்றில் வித்துகளிலேயே பல உட்கருக்கள் இருப்பதால் இன்னும் ஒரு சுற்று கூடுதல்.

உறுதியாகச் சொல்ல முடியாதவையும் இருக்கின்றன. மாங்கனீசுக் குறைவு எப்படி அமிலச் சுரப்பாக மாறுகிறது என்பதற்குப் பல விளக்கங்கள் உண்டு: சவ்வு மாறுகிறது, புரதச் சிதைவு கூடுகிறது, செக்ஸ்-ஏ விழித்துக்கொள்கிறது. இவற்றில் எது காரணம், எது விளைவு என்பதில் துறைக்குள் இன்னும் ஒருமித்த முடிவு இல்லை. விவசாயக் கழிவிலிருந்து நேரடியாக அமிலம் எடுப்பதிலும் நம்பிக்கை தரும் எண்கள் வந்திருக்கின்றன. மைசீலியோஃப்தோரா என்ற வெப்பம் தாங்கும் பூஞ்சையை மாற்றி, தூய செல்லுலோஸிலிருந்து லிட்டருக்கு 181 கிராமும் மணி உதிர்த்த மக்காச்சோளக் கதிர்ச் சக்கையிலிருந்து 105 கிராமும் மாலிக் எடுத்திருக்கிறார்கள். இது ஆய்வகத் தொட்டியில் வந்தது. பெரிய தொட்டியில் மேலே ஒரு பி.எச்., கீழே ஒரு பி.எச்., ஆக்சிஜன் இடத்துக்கு இடம் மாறும். அங்கே அது தாக்குப்பிடிக்குமா என்பதைச் சிறிய தொட்டியின் எண் சொல்லாது.

‘பிறகு ஏன் எல்லா அமிலத்தையும் இப்படி எடுப்பதில்லை’ என்பதற்குச் சக்சினிக் அமிலத்தைப் பாருங்கள். தொழில்நுட்பம் வென்றது, சந்தை தோற்றது. குறைந்த பி.எச்.-ஐத் தாங்கும் ஈஸ்ட்டை வைத்து ரெவெர்டியா நிறுவனம் இத்தாலியில் 2012இல் ஆண்டுக்கு 10,000 டன் ஆலை திறந்தது. கனடாவின் சார்னியாவில் பயோஆம்பர் 2015இல் 30,000 டன் ஆலை திறந்தது, 2018இல் திவாலானது. அதே பொருளைக் கச்சா எண்ணெயிலிருந்தும் எடுக்கலாம், எண்ணெய் விலை விழுந்தால் பூஞ்சை அதோடு போட்டியிட முடியாது. சிட்ரிக் அமிலத்துக்கு அப்படிப்பட்ட போட்டி இல்லை, அதனால்தான் அது நிலைத்தது. பாதுகாப்பு அனுமதியும் நாட்டுக்கு நாடு வேறு. இதில் மரபணு நீக்கத்துக்கு ஒரு நல்ல பயன் உண்டு. நைஜரின் சில ஸ்ட்ரெயின்கள் ஃபியூமோனிசின், ஓக்ராடாக்சின் நச்சுகளை உண்டாக்கும் திறன் கொண்டவை. அந்த மரபணுத் தொகுப்பையே எடுத்துவிடுவது, சோதனையில் ‘இல்லை’ என்று காட்டுவதைவிட வலுவான பாதுகாப்பு.

நீங்கள் இதை ஆய்வுத் தலைப்பாக எடுக்க நினைத்தால், என் ஆலோசனை இதுதான். இயல்பாகவே அந்த அமிலத்தைத் தரும் பூஞ்சையில் ஆரம்பியுங்கள். முதலில் வேண்டாத அமிலத்தின் மரபணுவை நீக்குங்கள், அடுத்து வெளியேற்றும் கடத்தியைத் தேடுங்கள், அமிலம் உண்டாக்கும் என்சைமைக் கடைசியில் தொடுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் தாய் ஸ்ட்ரெயினை அதே நாளில், அதே ஊடகத்தில் பக்கத்திலேயே ஓட்டுங்கள். குலுக்குக் குடுவையோடு நிறுத்தாமல், சிறியதாக இருந்தாலும் காற்றையும் பி.எச்.-ஐயும் கட்டுப்படுத்தக்கூடிய ஃபெர்மென்டரில் ஒரு முறையாவது பாருங்கள். ஊடகம் கலக்கும் தண்ணீரில் மாங்கனீசு எவ்வளவு என்று அளந்து குறித்துவையுங்கள், அந்த எண் இல்லாத கட்டுரையின் விளைச்சலை நான் மற்றவற்றோடு ஒப்பிடுவதில்லை.